பாதி அழிந்த சாம்பல்

அம்மாவுக்கு ஜவ்வரிசிப் பாயசம் பிடிக்காது. முப்பது வருடம் ஜவ்வரிசி காயவைத்த களத்தில் நின்றவள். கல்யாணப் பந்தியில் பாயசம் வந்தால் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். "நாள் முச்சூடும் அதையே பாத்துப்போட்டு, இங்க வந்தும் அதையே குடிக்கோணுமா" என்பாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதுதான் முதலில் வருகிறது. மற்றதை வரிசைப்படுத்திக்கொள்ளக் கொஞ்சம் நேரம் ஆகிறது.

பெயர் ரோசி. பிறந்தது மேச்சேரிப் பக்கம். கல்யாணமாகி மல்லசமுத்திரத்துக்கு அருகில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தாள். அப்பா உபகாரசாமி லாரி ஓட்டினார். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது விபத்தில் இறந்தார். அதற்கு முன்பே அம்மா சேகோ ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் போனாள். அந்தக் கூலியில்தான் நான் பாலிடெக்னிக் படித்து, ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்தேன். இப்போது சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருக்கிறேன். என்னோடு வந்து இரு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். வருவாள், இரண்டு நாளில் பையைத் தூக்கிக்கொள்வாள். "இங்க எல்லாரும் கதவச் சாத்திக்கறாங்க பாப்பா. யாரு மூஞ்சியும் பாக்க முடியல."

முகம் பார்க்காமல் இருக்க முடியாதவள். அவள் முகத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

சேகோ ஆலை வேலையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, அரைத்துப் பால் எடுப்பார்கள். பால் தொட்டியில் தேங்கி மாவாகப் படியும். மாவைக் குருணையாக்கி, வறுத்து, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. அம்மா இருந்தது கடைசிக் கட்டத்தில். ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுக்குச் சிமெண்டுக் களம். அதில் பரப்பியதை நீளக் கைப்பிடி போட்ட மரப்பலகையால் தள்ளிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வெயில். கீழே கண்ணைப் பறிக்கும் வெள்ளை. காற்றடித்தால் மாவுத்தூள் பறக்கும் என்பதால் பெண்கள் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருப்பார்கள். வெளியே தெரிவது நெற்றியும் கண்ணும் மட்டும்.

களத்துப் பெண்கள் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்ப்பார்கள். களத்துப் பெண்கள் எல்லாருக்கும் தோள் வலிக்கும்.

அம்மாவின் நோய் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்தான் ஒளிந்திருந்தது.

களத்தில் அம்மாவுக்கு எதிர்ப்பலகை காளியாத்தாள் பெரியம்மா. உறவு கிடையாது. சொந்தமாகக் கொஞ்சம் காடு இருந்து, கிணறு வற்றிய பிறகு களத்து வேலைக்கு வந்தவர். இருவரும் எதிரெதிரே பலகை தள்ளி நடுவில் சந்தித்துத் திரும்புவார்கள். சந்திக்கும் இடத்தில் ஒரு வார்த்தை, திரும்பி வந்தால் அடுத்த வார்த்தை. ஒரு கதையைச் சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். பெரியம்மாவின் கதைகளில் பாதி அவருடைய மகன் சரவணமுத்துவின் குடியைப் பற்றியவை. அவர் மினி லாரி ஓட்டுகிறார். நல்ல மனுஷன். சாயங்காலத்துக்கு மேல் நல்ல மனுஷன் இல்லை. அம்மா அதைக் கேட்டுக்கொண்டே பலகை தள்ளுவாள். ஆறுதல் சொல்லமாட்டாள். கேட்பாள், அவ்வளவுதான்.

2021 கடைசியில் அம்மாவின் வலது கண் இமை லேசாக இறங்கியிருந்தது. நான் பார்த்தேன். களத்து வெயில் என்று அவள் சொன்னாள். கண்ணாடிக் கடையில் சோதித்தார்கள். வயதானால் இமை தளரும் என்று சொல்லிப் படிக்கிற கண்ணாடி ஒன்று கொடுத்தார்கள். கண்ணாடி போட்டதும் இமை கண்ணில் படவில்லை. விஷயம் முடிந்தது.

மதியம் சாப்பாட்டுக்குக் களத்திலிருந்து இறங்கும்போது பெண்கள் துண்டை அவிழ்த்து முகம் கழுவுவார்கள். மாவும் வேர்வையும் சேர்ந்து எல்லார் நெற்றியிலும் கூழ் பூசியதுபோல இருக்கும். அம்மாவுக்கு மட்டும் இடது பக்கம் கூழ், வலது பக்கம் வெறும் தூள். ஊதினால் போய்விடும். பெரியம்மாவுக்கு அது நல்ல தீனியாகக் கிடைத்தது.

"ஏம் புள்ள ரோசி, நீ எந்தக் கோயலுக்குப் போனா என்ன, கடைசீல நம்ம மலைமேல இருக்கறவராட்டத்தான் ஆயிட்ட. பாதி ஒரு நெறம், பாதி ஒரு நெறம்."

திருச்செங்கோட்டு மலைமேல் இருப்பவர் அர்த்தநாரீசுவரர். பாதி ஆண், பாதி பெண். அம்மா விடவில்லை. "அப்ப வைகாசில எனக்கும் ஒரு தேரு இழுங்கக்கா" என்றாளாம். களமே சிரித்ததாம். இது நடந்து சில வாரங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பில் யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சிரித்ததால்தான் அது எல்லார் மனதிலும் பதிந்திருந்தது. பின்னால் டாக்டர் கேட்டபோது, எத்தனை நாளாக என்று சொல்ல ஆள் இருந்தது.

2022இல் சாம்பல் புதன் மார்ச் தொடக்கத்தில் வந்தது. எங்கள் தவக்காலம் அன்றுதான் ஆரம்பிக்கும். காலைப் பூசையில் சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுவார். அதைத் துடைக்கமாட்டோம், தானாகப் போகிற வரை விட்டுவிடுவோம். அம்மா பூசை முடிந்து அப்படியே வேலைக்குப் போனாள். அன்று ஒருவேளைதான் சாப்பாடு. அந்த ஒருவேளையை இருவரும் சேர்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். நான் டியூட்டி முடிந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அவள் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் பாதிச் சிலுவை.

வலது பாதி காலையில் போட்டதுபோல அப்படியே இருந்தது. இடது பாதியைக் காணோம். வேர்வையில் கரைந்து, புருவத்தில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. எல்லை நெற்றியின் நடுவில், அளவுகோல் வைத்து வெட்டியதுபோல.

அம்மாவுக்கு அதில் பெருமை. அடுத்த தெரு ஜெபக்கூட்டத்துப் பெண் ஒருத்தி, இது ஓர் அடையாளம், எல்லாருக்கும் கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "களத்துல அந்த வெயில்லயும் பாரு பாப்பா, பாதிய நிறுத்தி வெச்சிருக்காரு" என்றாள் அம்மா.

நான் கைக்குட்டையால் இடது கன்னத்தைத் தொட்டேன். ஈரம். வலது கன்னத்தைத் தொட்டேன். காய்ந்த காகிதம். அடுப்படியில் நின்று கஞ்சி காய்ச்சிய முகம் அது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். வலது கண்ணின் பாப்பா இடது கண்ணுடையதைவிடச் சிறியதாக இருந்தது. கைபேசியில் படம் எடுத்தேன். அம்மா படத்துக்குச் சிரித்தாள்.

என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. வேர்வைக்கு நேர்கோடு போடத் தெரியாது என்பது மட்டும் தெரியும்.

நாளைக்கே சேலம் போகலாம் என்றேன். ஈஸ்டர் கழியட்டும் என்றாள். ஏன் என்று கேட்டேன். கிழங்கு வரத்து இருக்கிற நேரம், களத்தில் ஆள் போதாது என்றாள். அது காரணம் இல்லை என்று தெரிந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டுப் பாயை விரித்தாள். வலது பக்கமாகப் படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

காலையில் அவளுக்கு முன்னால் நான் களத்துக்குப் போனேன். காளியாத்தாள் பெரியம்மாவிடம் கைபேசிப் படத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அம்மா வந்ததும் பலகையை அவள் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாத்தினார். ஆலை முதலாளி மோகன்குமாரிடம் தானே போய், இன்றைக்கு நாங்கள் ரெண்டு பேரும் இல்லை, கிழங்கு அழுகினாலும் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

சேலத்தில் நாங்கள் போன கண் மருத்துவமனையில் எங்களுக்கு வாய்த்தவர் டாக்டர் ஃபாத்திமா. வாய்த்தவர் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். என் வயதுதான் இருக்கும். அன்று கூட்டம் அதிகம். அவர் அவசரப்படவில்லை.

அறை விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் இடது பாப்பா உடனே விரிந்தது. வலது பாப்பா தயங்கித் தயங்கி, பாதி வழியில் நின்றுவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டு, அம்மாவின் இரண்டு கன்னங்களையும் புறங்கையால் தொட்டார். நான் சாம்பல் புதன் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். அது என்ன அடையாளம் என்று கேட்டு, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு மருந்து விட்டு வெளியே உட்காரச் சொன்னார்.

திரும்பக் கூப்பிட்டபோது அம்மாவின் வலது இமை மேலே ஏறியிருந்தது. பல மாதம் கழித்து இரண்டு கண்ணும் ஒரே அளவில். அம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். "செரியாப் போச்சுங்க டாக்டரம்மா. நாங்க கெளம்பறோம்."

"உக்காருங்கம்மா" என்றார் டாக்டர். "அந்த மருந்து வைத்தியம் இல்ல. சோதிக்கிறதுக்குத்தான். இது கண்ணுல வந்த வியாதியே இல்லைங்க. கண்ணு சேதி சொல்லுது. சேதி வேற எடத்துலருந்து வருது."

ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். இமையைத் தூக்கவும், பாப்பாவை விரிக்கவும், அந்தப் பக்கத்து முகத்தை வேர்க்கவைக்கவும் ஒரே நரம்புவழி. அது மூளையிலிருந்து நேராகக் கண்ணுக்கு வருவதில்லை. முதுகுத்தண்டு வழியாக நெஞ்சு வரை இறங்கி, நுரையீரலின் உச்சியைத் தொட்டு, கழுத்து வழியாக மறுபடி மேலே ஏறுகிறது. வழியில் எங்கே அடிபட்டாலும் கண்ணில்தான் தெரியும்.

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சிக்னல் விளக்கு மங்கினால் முதலில் விளக்கை மாற்றுவோம். மாற்றியும் மங்கினால் கேபிள் போகும் தடத்தைப் பிடித்து நடக்க வேண்டும். எங்கோ பள்ளம் தோண்டியிருப்பார்கள், பொக்லைன் பல் பட்டிருக்கும். கண்ணாடிக் கடையில் நாங்கள் விளக்கை மாற்றியிருந்தோம்.

இருமல் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை. எடை குறைந்ததா. இல்லை. பீடி, சிகரெட் புகை வீட்டில் உண்டா. இல்லை. வலது தோளில், கையில் வலி உண்டா.

"இல்லீங்க" என்றாள் அம்மா.

"பொய்யிங்க" என்றார் பெரியம்மா.

பெரியம்மா அம்மாவைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தே சொன்னார். "கார்த்திக தீபத்துலருந்து இவளுக்குத் தலை பின்னி உடறது நானுங்க. கை மேல ஏறாது. சுண்டு வெரலு மரத்துப் போகுதுங்கறா. புள்ளைகிட்டச் சொல்லாதீங்கக்கான்னு எங்கிட்டச் சத்தியம் வேற வாங்கிட்டா. களத்து வலிதானேன்னு நானும் உட்டுட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஏன் மறைத்தீர்கள் என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகுதான் சொன்னாள். வலியைக் கடவுளுக்குக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்திருக்கிறாள். கிறிஸ்துமஸிலிருந்து ஈஸ்டர் வரை யாரிடமும் முனகாமல் தாங்குவதாக வேண்டுதல். எங்கள் வீடுகளில் இது புதிதில்லை. தவக்காலத்தில் ஒருவர் கறியை விடுவார், ஒருவர் காப்பியை விடுவார். அம்மாவிடம் விடுவதற்கு அப்படி எதுவும் இல்லை. வலி இருந்தது.

எதற்காக வேண்டுதல் என்று நான் கேட்டேன்.

"சரவணமுத்து குடிய உடோணும்னு" என்றாள்.

பெரியம்மா அவளையே பார்த்தார்.

"அடி கூறுகெட்டவளே. என்ற மவன் குடிக்கறதுக்கு உன்ற கை எதுக்குடி நோவோணும்? அவன் கை நோவட்டும்."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வந்து, அம்மாவின் வலது கழுத்தெலும்புக்கு மேலே விரலால் அழுத்திப் பார்த்தார். மார்பு எக்ஸ்ரே இன்றைக்கே எடுக்க வேண்டும், நாளைக்கு இல்லை என்று சொல்லி, எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, எங்கள் கண் முன்னாலேயே அங்கே தொலைபேசியில் பேசினார். கண் டாக்டருக்கு அது வேலை இல்லை. செய்தார்.

படத்தில் இடது நுரையீரலின் உச்சி கறுப்பாக இருந்தது. வலது உச்சியில் வெள்ளை. ஒரு குழந்தையின் முஷ்டி அளவுக்கு.

ஸ்கேன், ஊசியில் சதை எடுத்துப் பரிசோதனை, முடிவு. புற்றுநோய். வேறெங்கும் பரவவில்லை. கட்டி நுரையீரலின் நடுவில் இருந்திருந்தால் இருமல் வரும் வரை தெரிந்திருக்காது, அதற்குள் பரவியிருக்கும் என்றார் புற்றுநோய் மருத்துவர். உச்சியில் இருந்ததால் நரம்பைத் தொட்டது. நரம்பைத் தொட்டதால் கண் சொன்னது. முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்க வேண்டும், பிறகு அறுவை. கை முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது. தள்ளிப்போட்டால் கையும் போகும், ஆளும் போகும். இதை அவர் ஒளிக்காமல் சொன்னார். அதற்கும் நன்றி.

அம்மா அப்போதும் ஈஸ்டர் கழியட்டும் என்றாள். நேர்ந்துகொண்டதைப் பாதியில் விட முடியாது என்றாள். நான் எண்களைச் சொன்னேன். எத்தனை சதவீதம், எத்தனை வருடம். அவள் என் தலையைத் தடவினாள். எண்கள் அவளிடம் வேலை செய்யாது.

வேலை செய்தது பெரியம்மாதான். எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் தலை பின்னிக்கொண்டே பேசினார்.

"வலியக் குடுத்தா வாங்கிக்கறவரு, வைத்தியத்தக் குடுத்தா வேண்டாம்பாரா? தெனமும் சேலம் போயி வாரது சுகமா என்ன? அதெ ஒப்புக்குடு. வண்டி என்ற மவன் ஓட்டுவான். காலைல உன்னயக் கூட்டிட்டுப் போகோணும்னா முந்தின நாள் குடிக்க முடியாதல்லோ? உன்ற வேண்டுதலும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சு."

பின்னல் முடிந்து ரப்பர் பேண்ட் போட்ட பிறகு, "வண்டி எத்தன மணிக்கு வரும்" என்று கேட்டாள் அம்மா.

அப்படித்தான் அந்தத் தவக்காலத்தின் மிச்ச நாள் முழுக்க, ஞாயிறு தவிர, சரவணமுத்து அண்ணன் குட்டியானை என்கிற தன் மினி லாரியில் அம்மாவைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். நான் மருத்துவமனை வாசலில் நிற்பேன். முன் இருக்கையில் அம்மா துண்டால் தலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவாள். ஒரே ஒரு நாள் வண்டி வந்து நின்றபோது முன் இருக்கை காலியாக இருந்தது. அம்மா பின்னால், சரக்கு ஏற்றும் இடத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஊரிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். டவுன் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்களாம். அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முன்னால நாத்தம் அடிக்குது" என்றாள் அம்மா. கதிர்வீச்சு முடிந்து வந்து மறுபடி பின்னால் ஏறப் போனாள். அண்ணன் கீழே இறங்கி, "சித்தி, முன்னால உக்காருங்க. கால்ல உழுகறேன்" என்றார். அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவள் பின்னால் நின்றதில்லை. அவர் குடியை அடியோடு விட்டுவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். அன்றைக்குப் பிறகு அம்மா ஏறுகிற வண்டியை அவர் குடித்துவிட்டு ஓட்டியதில்லை. அம்மா சாகும் வரை.

கட்டி சுருங்கியது. கோடையில் கோவையில் அறுவை செய்தார்கள். வலது நுரையீரலின் மேல்பகுதியையும், இரண்டு விலா எலும்புகளில் கொஞ்சத்தையும், காப்பாற்ற முடியாத ஒரு நரம்பையும் எடுத்தார்கள். வெட்டிய ஓரங்கள் நோயின் மிச்சமில்லாமல் சுத்தமாக இருந்தன. வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் திரும்பவில்லை. இமையும் இறங்கியபடியே நின்றுவிட்டது. முகத்தின் வலது பாதி அதற்குப் பிறகு வேர்க்கவே இல்லை.

அடுத்த கிழங்குப் பருவத்தில் களத்துக்குப் போனாள். நான் வேண்டாம் என்றேன். இடது கையால் பலகை பிடித்துப் பார்த்தாள், முடியவில்லை. மோகன்குமார் அவளுக்குச் சல்லடைப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார். காய்ந்ததா இல்லையா என்று ஒரு மணியைக் கடித்துப் பார்த்துச் சொல்வது. பாயசம் குடிக்காதவளுக்கு நாள் முழுக்க ஜவ்வரிசியைக் கடிக்கும் வேலை. பெரியம்மா அதை வைத்து ஒரு வருடம் ஓட்டினார்.

அம்மாவுக்கு என் ரயில்வே பாஸில் பயணம் போகலாம். கிழங்கே இல்லாத ஊர் ஒன்றைக் காட்டு என்றாள். நான் யோசிக்காமல் கேரளாவுக்குக் கூட்டிப் போனேன். கோட்டயத்தில் காலைப் பலகாரத்துக்கு எதிரே வந்தது ஒரு தட்டு வேகவைத்த கிழங்கு. அம்மா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரயிலேறித் தொரத்திட்டு வந்துருச்சு பாரு." பிறகு மீன்குழம்பு ஊற்றித் தட்டைக் காலி செய்தாள். திரும்பும் வழி முழுக்க, நம் ஊரில் இதை ஏன் இப்படித் தின்னாமல் அரைத்தே கெடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

டாக்டர் ஃபாத்திமாவைப் பார்க்க வருடம் ஒருமுறை போவோம். சோதனைக்கு இல்லை, சும்மா. ஒருமுறை அவர், அந்தச் சாம்பல் புதன் படத்தைத் தன்னிடம் பயிலும் இளம் டாக்டர்களுக்குக் காட்டலாமா என்று அம்மாவிடம் கேட்டார். "என்ற மூஞ்சியப் பாத்துப் படிக்கறாங்களா?" என்றாள் அம்மா. வெட்கப்பட்டாள். வெளியே வந்ததும், நல்ல சேலையில் ஒரு படம் எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று என்னைத் திட்டினாள்.

அறுவைக்குப் பிறகு மூன்று சாம்பல் புதன்கள் அவளுக்குக் கிடைத்தன. மூன்றிலும் பாதிச் சிலுவையோடுதான் வீட்டுக்கு வந்தாள். அடையாளம் என்று சொன்ன ஜெபக்கூட்டத்துப் பெண்ணிடம் அம்மா ஒருமுறை சொன்னாளாம், ஆமாம் அடையாளம்தான், ஆனால் நம் உடம்பைப் பார்க்கச் சொன்ன அடையாளம் என்று.

போன வருடம் வெயில் தணிகிற நேரத்தில் தலைவலி வந்தது. இந்த முறை அவள் மறைக்கவில்லை. அன்றைக்கே சொன்னாள். மூளையில் இருந்தது. முதல் முறை நோய் நமக்கு வழி விட்டது, இந்த முறை விடவில்லை. ஆகஸ்டில் சூரமங்கலத்து வீட்டில் இறந்தாள். கதவைத் திறந்தே வைத்திருந்தோம். யார் முகமாவது தெரிய வேண்டும் என்று கட்டிலை வாசலுக்கு நேராகப் போட்டிருந்தேன். காளியாத்தாள் பெரியம்மா கடைசி வாரம் எங்களோடு இருந்தார். அம்மாவுக்குத் தினமும் தலை பின்னினார். கடைசி நாளும் அவர்தான் பின்னினார். பிரிபிரியாக எடுத்து, அவசரமில்லாமல். வேறு யாரையும் தொடவிடவில்லை.

மூன்றரை வருடம். கைபேசியில் அந்தப் படம் இல்லை என்றால், பெரியம்மா ஒரு சத்தியத்தை மீறவில்லை என்றால், ஒரு டாக்டர் விளக்கை அணைத்துப் பார்க்கவில்லை என்றால், அந்த மூன்றரை வருடம் இல்லை. கோட்டயம் இல்லை. குட்டியானையின் பின்னால் நின்றுகொண்டு அவள் சேலத்துக்குள் வந்த காட்சி இல்லை. எனக்கு அழுகை வருகிறது, ஆனால் குறை சொல்ல இடம் தெரியவில்லை.

டாக்டர் ஃபாத்திமாவிடம் போய் இறந்த செய்தியைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்த்துப் படித்த ஓர் இளம் டாக்டர், தர்மபுரியில் ஒரு லாரி ஓட்டுநரை உடனே எக்ஸ்ரேக்கு அனுப்பினாராம். அதைச் சொன்னார். ஓட்டுநர் பெயர் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

இந்த வருடம் சாம்பல் புதனுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். காலைப் பூசையில் சாம்பல் வாங்கினேன். வீட்டில் இருக்க முடியவில்லை. களத்துக்குப் போனேன். வெயில் ஏறியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போகவில்லை. ஒவ்வொருவரும் துண்டை அவிழ்த்துவிட்டுக் காளியாத்தாள் பெரியம்மா முன்னால் ஒரு நொடி நின்றார்கள். அவர் நெற்றியைப் பார்ப்பார், கண்ணாடி போட்டிருந்தால் கழற்றச் சொல்வார், தலையாட்டுவார். பிறகுதான் முகம் கழுவப் போவார்கள். சிரிப்பும் கேலியும் இல்லாமல் இல்லை. ஒருத்தி, "இந்த ஆத்தாகிட்டப் பாஸாகாம சோறு கெடைக்காது" என்றாள். அம்மா போன பிறகு ஆரம்பித்ததாம். யாரும் சொல்லி ஆரம்பித்ததில்லை.

நான் வரிசையின் கடைசியில் நின்றேன்.

பெரியம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். மாவு படிந்த கட்டை விரலால் முதலில் இடது நெற்றியைத் தொட்டார். பிறகு வலது நெற்றி. காலையில் போட்ட சிலுவை இரண்டு பக்கமும் கரைந்து புருவத்துக்கு வந்திருந்தது.

"ரண்டு பக்கமும் வேர்த்திருக்குது" என்றார். கையை உடனே எடுக்கவில்லை. "போ சாமி. போயி மூஞ்சியக் கழுவு."